விடியும்வரை ஒரு கதை

கல்முனைக்குத் தெற்கே, காரைதீவைக் கடந்ததும் வருவது நிந்தவூர். கிழக்கே கடல், மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம்வரை நெல்வயல். இரவு வந்தால் அலையோசை ஒன்றே ஊருக்குத் துணை. அவ்வூரில் ஒரு வீட்டை நேயர்கள் மனக்கண்முன் கொண்டுவருவார்களாக. இஷாத் தொழுகை முடிந்து, உணவும் முடிந்து, வீட்டார் யாவரும் உறங்கிவிட்டனர். ஓர் அறையில் மட்டும் வெளிச்சம் அணையவில்லை. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பேரன் அங்கே விழித்திருக்கிறான். பாடநூல் மேசைமேல் விரிந்து கிடக்கிறது. அவன் பார்வையோ கைத்தொலைபேசியில் பதிந்திருக்கிறது.

அவன் பார்ப்பது ‘ஹீரோஸ்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் நாடகம். டிம் கிரிங் என்பவர் படைத்த இத்தொடர் 2006ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் திகதி என்.பி.சி. அலைவரிசையில் தொடங்கி, 2010ஆம் ஆண்டு பெப்ரவரியில் நிறைவுற்றது. சாதாரண மாந்தர் சிலர் தம்மிடம் அமானுஷ்ய ஆற்றல் இருப்பதைத் திடீரென்று உணர்கின்றனர் என்பதே கதையின் வித்து. தோக்கியோ நகரத்து அலுவலக ஊழியன் ஒருவன் காலத்தை நிறுத்துகிறான். டெக்சாஸ் மாநிலத்துப் பள்ளி மாணவி ஒருத்தியின் காயங்கள் கணத்தில் ஆறிவிடுகின்றன. பொலிஸ்காரன் ஒருவனுக்குப் பிறர் நினைப்பது செவியில் விழுகிறது. ஓவியன் ஒருவன் நாளை நடக்கப்போவதை இன்றே வரைந்துவிடுகிறான். இவர்களைத் தேடி அலையும் மொகிந்தர் சுரேஷ் என்னும் மரபியல் பேராசிரியர், சென்னையிலிருந்து நியூயோர்க் செல்பவராகப் படைக்கப்பட்டிருக்கிறார். நம்மவர் பெயரொன்று அக்கதையில் ஒலிப்பது தமிழ்ப் பிள்ளைகளை மேலும் அருகிழுத்திருக்கலாம்.

இத்தகைய கதை இம்மண்ணுக்குப் புதியதன்று. அமீர் ஹம்சாவின் கதை பாரசீகத்திலும் இந்தியாவிலும் பல நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்தது. அதில் வரும் அமர் என்னும் தந்திரசாலியிடம் ஒரு பை உண்டு. உலகையே அதற்குள் போட்டாலும் அது நிறையாது. அவனிடம் ஒரு போர்வையும் உண்டு. அதை அணிந்தால் எவர் கண்ணுக்கும் தெரியான். அக்பர் சக்கரவர்த்தி அக்கதைக்குச் சுமார் 1,400 ஓவியங்கள் தீட்டச்செய்தார். பின்னாளில் இலக்னோ நகரத்து நவல் கிஷோர் அச்சகம் அதனை உருது மொழியில் 46 பெருந்தொகுதிகளாக வெளியிட்டது. கேட்பவர் இருக்கும்வரை கதை வளரும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கதையைத் தகுந்த இடத்தில் நிறுத்துவதே தொடரின் சூட்சுமம். ஆயிரத்தொரு இரவுகளின் ஷஹ்ரஸாத் அதனை நன்கறிந்திருந்தாள். விடியும் வேளையில் கதையை நடுவில் நிறுத்தினாள். மிச்சத்தைக் கேட்கும் ஆவலால் மன்னன் அவள் உயிரை ஒருநாள் நீட்டித்தான். 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ கல்கி இதழில் வாரந்தோறும் வெளிவந்தபோதும், ‘லண்டன் கந்தையா’வும் ‘தணியாத தாகம்’ நாடகமும் இலங்கை வானொலியில் தொடராக ஒலித்தபோதும், மக்களை அடுத்த தவணைக்காகக் காத்திருக்கச் செய்தது இதே சூட்சுமந்தான்.

ஆயினும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. அன்றைய தொடருக்கு வேலி இருந்தது. வானொலி நாடகம் முடிந்தால் முடிந்ததுதான். அடுத்த வாரம்வரை பொறுத்தே ஆகவேண்டும். அந்த இடைவெளியில் மனிதன் வயலுக்குப் போனான், கடலுக்குப் போனான். அயலாரோடு கதையின் போக்கைப் பற்றி வாதாடினான். இன்று அந்த வேலி இல்லை. ஒரு பாகம் முடிந்து சில வினாடிகள் கழிவதற்குள் அடுத்த பாகம் தானாகவே தொடங்கிவிடுகிறது. நிறுத்தும் பொறுப்பு முழுவதும் பார்ப்பவன் தலையில் விழுகிறது. முதற் பருவத்தில் மட்டும் 23 பாகங்கள். ‘இன்னும் ஒன்றே ஒன்று’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் இளைஞன், நான்காவது முறையாகவும் அதனையே சொல்கிறான்.

அத்தொடரில் வரும் கொடியவன் சைலர், கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் தொழிலை உடையவன். பிறர் ஆற்றலைக் கவர்ந்துகொள்வதற்காக அவர்களைக் கொல்கிறான். எத்தனை ஆற்றல் கிடைத்தாலும் அவன் பசி அடங்குவதில்லை. அவனைக் கண்டு அஞ்சும் மாணவன், தன் பசியும் ஏறக்குறைய அவ்வகையினதே என்பதை அறியாதிருக்கிறான்.

ஸுபஹ் தொழுகைக்கு எழுந்த மூத்தம்மா, வெளிச்சத்தைக் கண்டு வாசலில் வந்து நிற்கிறாள்.

“என்ன மகன், இன்னும் படுக்கல்லையா? இரவெல்லாம் என்ன பார்க்கிறாய்?”

அவனுக்கு வெட்கம். ஆயினும் மறைக்கவில்லை. எதிர்காலத்தை வரையும் ஓவியனைப் பற்றியும், நியூயோர்க் நகரம் அழியப்போவதை அவன் முன்னரே அறிந்ததைப் பற்றியும், அதனைத் தடுக்கச் சிலர் ஓடுவதைப் பற்றியும் சொல்கிறான். கிழவி அமைதியாகக் கேட்கிறாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள்:

“அப்படி ஒரு ஆள் அன்றைக்கு எங்கட ஊரில இருந்திருந்தா, கடல் வாறதைச் சொல்லியிருப்பானா மகன்?”

பேரனிடம் விடை இல்லை. அன்றைக்கு என்று அவள் குறித்த நாள் எதுவென்பதை அக்கரையோரத்தில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. 10,000க்கும் மேற்பட்டோர் அங்கே மாண்டனர்.

அமானுஷ்ய ஆற்றல் பற்றிய கதைகள் மனிதனை ஏன் பிடித்துக்கொள்கின்றன என்பதற்கு அக்கேள்வியே விடை. கையறு நிலையை அறிந்தவனுக்கே வல்லமையின் கனவு இனிக்கும்.

ஆனால் அக்கிழவியின் கேள்விக்கு இன்னொரு விடையும் உண்டு. சுமாத்திராவுக்கு அப்பால் 9.1 அளவில் நிலம் அதிர்ந்த பின், அலை நம் கிழக்குக் கரையை அடையச் சுமார் இரண்டு மணி நேரம் சென்றது. அந்த அவகாசத்தில் செய்தி வந்திருந்தால், வயற்பக்கம் நடந்தே பலர் தப்பியிருப்பர். அதற்கு ஓவியனின் மாயத்தூரிகை தேவையில்லை. கருவியும், அதனைக் கவனிக்கும் கண்ணும், செய்தியை ஊருக்குக் கொண்டுவரும் ஒழுங்குமே தேவை. இந்து சமுத்திரத்துக்கென அத்தகைய எச்சரிக்கை ஏற்பாடு பின்னர் அமைக்கப்பட்டது. 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் திகதி அதே கடலில் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது எச்சரிக்கை வந்தது. இலங்கையின் கரையோர மக்கள் உள்நாட்டை நோக்கி விலகினர். பூமித்தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்தமையால் பேரலை எழவில்லை. ஆயினும், வருமுன் அறிந்து விலகும் ஆற்றல் மனிதனுக்குக் கைவந்துவிட்டது என்பதை அந்நாள் காட்டியது. அவ்வாற்றல் எவருக்கும் பிறவியில் வந்ததன்று. பலர் இரவு பகலாகக் கற்றதனால் வந்தது.

‘ஹீரோஸ்’ தொடரின் முடிவும் எண்ணத்தக்கதே. முதற் பாகத்தைச் சுமார் 1 கோடி 40 லட்சம் அமெரிக்கர் பார்த்தனர். 2007ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கிய எழுத்தாளர் வேலைநிறுத்தத்தால் இரண்டாம் பருவம் 11 பாகங்களோடு நின்றது. பின்னர் கதை முடிய வேண்டிய இடத்தில் முடியாது நீண்டது. பார்த்தவர்களில் பெரும்பகுதியினர் விலகினர். நிறுத்தத் தெரியாத கதையும் நிறுத்தத் தெரியாத ரசிகனும் ஒருவரையொருவர் இழந்துவிடுகின்றனர்.

கதை கேட்பது குற்றமன்று. அது மனிதனின் பழைய இன்பம். துன்பத்தை ஆற்றும் மருந்துங்கூட. மருந்துக்கு அளவு உண்டு என்பதே செய்தி. ஓர் இரவுக்கு ஒரு பாகம் என்று வரையறுத்துக்கொண்டால், வாரம் முழுவதும் அது சுவைக்கும். மறுநாள் அதுபற்றிப் பேசவும் வீட்டில் ஆள் இருக்கும்.

பள்ளிவாசலில் பாங்கொலி எழுகிறது. பேரன் தொலைபேசியை அணைத்து வைக்கிறான். முகங்கழுவப் போகும் அவனைப் பார்த்து மூத்தம்மா சொல்கிறாள்:

“மிச்சத்தை நாளைக்கு இரவு எனக்கும் சொல்லு மகன்.”