காற்றால் நீர் இறைத்தல்



காய்கறிப் பாத்திகளுக்கும் கால்நடைகளுக்கும் நீர் இறைப்பது எத்துணைக் கடும் உழைப்பு என்பதை உங்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் பால்வெட்டிக் களைத்த கைகளே மாலையில் கிணற்றுக் கயிற்றையும் பிடிக்கின்றன. டீசல் பம்பு வைத்தாலோ எண்ணெய்ச் செலவு கையைக் கடிக்கிறது. விலையின்றிக் கிடைக்கும் காற்றைக் கொண்டே நீர் இறைக்க முடியாதா என்னும் கேள்வி எழுவது இயல்பே. முடியும், ஆனால் எவ்விடத்திலும் முடியாது. அதன் காரணத்தை நாம் தெரிந்துகொள்வோம்.

1854ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் டேனியல் ஹாலடே என்பவர், காற்று வீசும் திசைக்குத் தானே திரும்பி, கடுங்காற்றில் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் காற்றாலைக்குக் காப்புரிமை பெற்றார். ஆறுகள் அருகிய அந்நாட்டின் சமவெளிகளில் குடியேறிய உழவர்கள் இத்தகைய ஆலைகளால் நிலத்தடி நீரைப் பெற்றனர். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பண்ணைகளிலும் ஆடு மாடுகளின் தாகத்தை இவை தீர்த்தன.

இதன் அமைப்பு எளியது. உயர்ந்த கோபுரத்தின் உச்சியில் பல தகடுகள் கொண்ட சக்கரம் சுழல்கிறது. அச்சுழற்சி நீண்ட கம்பி ஒன்றை மேலும் கீழும் அசைக்கிறது. கம்பியின் முனையிலுள்ள உந்துதண்டு, கிணற்றுக் குழாயிலுள்ள நீரை மேலே தூக்குகிறது. காற்று நினைத்த நேரத்தில் வீசாது. ஆகவே நீரைச் சேமிக்கத் தொட்டியும் இன்றியமையாதது.

இங்கு ஒரு கணக்கை மனத்தில் கொள்ள வேண்டும். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் ஆற்றல் எட்டு மடங்காகும். வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். மலேசியாவில் பெரும்பாலான இடங்களில் காற்று மெல்லியதே. கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவக்காற்று வலுவாக வீசுவது உண்மைதான். ஆனால் அதுவே அங்கு மழைக்காலம். நீர் தேவைப்படாத நாளில் காற்றும், நீர் தேவைப்படும் நாளில் காற்றின்மையும் வாய்த்தால் பயன் என்ன? மேலும், முதிர்ந்த ரப்பர் மரங்கள் 20 மீட்டருக்கு மேலும் உயர்கின்றன. அவற்றிடையே நிற்கும் குட்டையான கோபுரத்தைக் காற்று எட்டாது.

ஆகவே, ஒன்றுகூடிப் பணம் திரட்டிக் காற்றாலை வாங்க எண்ணுவோர் முதலில் காற்றைச் சோதியுங்கள். திறந்த வெளியிலுள்ள மரத்தை நாள்தோறும் மூன்று வேளை, ஓராண்டுக் காலம் கவனித்துக் குறித்து வையுங்கள். காற்று முகத்தில் பட்டு இலைகள் சலசலத்தால், வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 2 அல்லது 3 மீட்டர். இலைகளும் சிறு கொப்புகளும் இடைவிடாது அசைந்தால் 4 அல்லது 5 மீட்டர். வறண்ட மாதங்களில் இரண்டாம் நிலையே பெரும்பாலும் காணப்படின், காற்றாலையைப் பற்றி மேலும் ஆராயலாம். இல்லையேல், சூரிய ஒளியால் இயங்கும் பம்பை நாடுவதே அறிவுடைமை. மழையற்ற நாளில் வெயில் மிகுதியாகக் கிடைக்கும் அன்றோ!

பிற நாட்டில் பயன் தந்த பொறி நம் மண்ணிலும் பயன் தரும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புதல் ஆகாது. வியர்வை சிந்திச் சேர்த்த பணம் வீணாகாமல் இருக்க, அளந்து பார்த்து முடிவு செய்வோம்.