குழந்தைக்குக் கீரிப்பூச்சியா? வீட்டோடு மருந்து எடுப்போம்!

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் எங்கள் களப்பணிக் குழுவின் சார்பில் பேசியது)



சேமிப்பு, கடன் வசூல், வங்கிக்கணக்கு எல்லாம் பேசி முடிச்சாச்சு. இப்போ நாங்கள் பேச வந்திருப்பது, நம்மில் பல பேர் வாய் திறந்து சொல்லக் கூச்சப்படுகிற ஒரு விஷயம். ராத்திரியில் குழந்தை தூங்காமல் ஆசனவாயைச் சொறிந்துகொண்டு அழுகிறதே, அதைப் பற்றித்தான். நம்ம ஊரில் கீரிப்பூச்சி என்கிறோம். நூல்புழு என்றும் சொல்வார்கள்.

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். விசைத்தறிக்கு வேலைக்குப் போகிற ஒரு சகோதரி, தொடர்ந்து மூன்று குழுக் கூட்டத்துக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டோம். "ஏனுங்க மேடம், அஞ்சு வயசுப் புள்ளை ராத்திரி பூரா தூங்கறதில்லீங்க. போன மாசந்தான் பூச்சி மாத்திரை போட்டேனுங்க. மறுபடியும் வந்துருச்சு. மாமியா, நீ முட்டாய் வாங்கிக் குடுத்துக் குடுத்துத்தான் வந்துச்சுன்னு ஏசறாங்க. கோவத்துல புள்ளை கையிலயே ரெண்டு போட்டுட்டேனுங்க" என்று கண் கலங்கினார். நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "வீட்டைச் சுத்தமா வெச்சுக்கங்க, எல்லாம் சரியாயிரும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

அந்த வீடு எங்கள் வீட்டைவிடச் சுத்தம். எங்கள் வார்த்தை அவர் மனசை எவ்வளவு புண்படுத்தியிருக்கும் என்று பிறகுதான் புரிந்தது. அந்த வீட்டுக்கு நாங்கள் சொல்லியிருக்க வேண்டியதை இன்று உங்கள் எல்லோருக்கும் சொல்கிறோம்.

இது யாருடைய குற்றமும் இல்லை

கீரிப்பூச்சி மனிதர்களிடம் மட்டுமே வாழும் புழு. நாய், பூனை, ஆடு, மாட்டிடமிருந்து வராது. இனிப்பு தின்பதாலும் வராது. இனிப்பு பல்லைக் கெடுக்கும், அது வேறு கதை. ஏழை வீட்டுக்குத்தான் வரும் என்பதும் தப்பு. அமெரிக்கா, இங்கிலாந்து போன்ற நாடுகளிலேயும் பள்ளிக்கூடக் குழந்தைகளிடம் சாதாரணமாகக் காணப்படுகிறது. ஒரே வகுப்பில் உட்கார்ந்து, ஒரே பொம்மையை வைத்து விளையாடுகிற குழந்தைகளுக்குள் சுலபமாகப் பரவும்.

எப்படி வருகிறது? பெண் புழு சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளம், வெள்ளை நூல் துண்டு மாதிரி இருக்கும். குழந்தை தூங்கிய பிறகு குடலிலிருந்து வெளியே வந்து, ஆசனவாயைச் சுற்றி ஏறத்தாழ 10,000 முட்டைகளை இடும். அதனால்தான் ராத்திரியில் அரிப்பு. குழந்தை சொறியும்போது கண்ணுக்குத் தெரியாத அந்த முட்டைகள் நகத்துக்குள் போகும். நாலைந்து மணி நேரத்திலேயே அவை அடுத்தவருக்குத் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். காலையில் அந்தக் கை வாய்க்குப் போகும், தம்பியின் தட்டுக்குப் போகும், ஜமுக்காளத்தில் படும், கதவுக் கைப்பிடியில் படும். ஈரமும் குளிர்ச்சியும் இருக்கிற இடத்தில் முட்டை இரண்டு மூன்று வாரம் வரை உயிரோடு இருக்கும்.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். கொக்கிப்புழு மண்ணில் இருந்து வெறுங்கால் வழியாக ஏறி, ரத்தத்தை உறிஞ்சிச் சோகையை உண்டாக்கும். அதற்குச் செருப்பும் கழிப்பறையும் காவல். கீரிப்பூச்சி மண்ணில் இருந்து வருவதில்லை. கையில் இருந்து வாய்க்கு வருவது. அதனால் டைல்ஸ் போட்ட வீட்டிலும் வரும். செருப்புப் போட்டாலும் வரும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

குழந்தை தூங்கி இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, டார்ச் அடித்து ஆசனவாயைப் பாருங்கள். வெள்ளை நூல் மாதிரி நெளிவது தெரியும். விடியற்காலையில், கழுவுவதற்கு முன்னாலும் பார்க்கலாம். ஒரு நாள் தெரியவில்லை என்றால் மூன்று நாள் பாருங்கள். மலப் பரிசோதனையில் இது பல சமயம் தெரியாது. பல் கடிப்பதை மட்டும் வைத்துப் பூச்சி என்று முடிவு செய்யாதீர்கள்.

பெண் குழந்தைகளுக்குப் புழு முன்பக்கமும் போய் அங்கேயும் அரிப்பு வரலாம். "அங்கே கை வைக்காதே" என்று அதட்டாமல் முதலில் என்னவென்று பாருங்கள். வெள்ளைப்படுதல், ரத்தம், வலி இருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

மாத்திரை போட்டும் ஏன் திரும்ப வருகிறது?

2015 பிப்ரவரி 10-ம் தேதி தேசிய குடற்புழு நீக்க நாள் தொடங்கியபோது, முதல் கட்டத்திலேயே நம் தமிழ்நாடும் இருந்தது. 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் மாத்திரை தருகிறார்கள். உருண்டைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு ஆகிய மூன்றையும் குறிவைத்துத்தான் அந்தத் திட்டம். அந்த மாத்திரை கீரிப்பூச்சியையும் கொல்லும். அதனால் அதைத் தவறாமல் வாங்கிக் கொடுங்கள்.

ஆனால் அந்த மாத்திரை புழுவைக் கொல்லுமே தவிர, முட்டையைக் கொல்லாது. நமக்குத் தெரிந்த கணக்கிலேயே சொல்கிறோம். அசலை அடைத்துவிட்டு வட்டியை அப்படியே விட்டால் என்ன ஆகும்? அது மறுபடியும் குட்டி போடும். இங்கே புழுதான் அசல், முட்டைதான் வட்டி. பாயிலும் நகத்திலும் மிச்சம் இருக்கிற முட்டை மறுபடி வயிற்றுக்குள் போய்ப் பொரிக்கும். அது வளர்ந்து முட்டை போட ஒரு மாதமாவது ஆகும். அதற்குள், முதல் மாத்திரை போட்ட இரண்டு வாரம் கழித்து, இரண்டாவது மாத்திரை போட்டால் புதுப் புழுவும் ஒழிந்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. அந்தச் சகோதரி வீட்டில் குழந்தைக்கு மட்டும்தான் மாத்திரை கொடுத்தார்கள். ஆனால் அண்ணன், சித்தப்பா பையன் என்று மூன்று பேர் ஒரே ஜமுக்காளத்தில்தான் படுக்கிறார்கள். இரண்டாம் முறை நாங்கள் போனபோது, அந்தச் சகோதரி மெதுவாகச் சொன்னார்: "எனக்குமே அரிக்குதுங்க. யாருகிட்டச் சொல்றது?" பெரியவர்களுக்கும் வரும் சகோதரிகளே. அரிப்பு இல்லாமலேயே உள்ளே புழு இருக்கவும் செய்யும். ஆகவே வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் மாத்திரை போட வேண்டும். வீட்டுக்காரரும் மாமியாரும் சேர்த்துத்தான்.

மாத்திரை விவரம்:

இரண்டு வயதுக்கு மேல் 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் ஒரு மாத்திரை. ஒன்று முதல் இரண்டு வயது வரை அரை மாத்திரை. சின்னக் குழந்தைக்குப் பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுங்கள், முழுசாக விழுங்க வைக்காதீர்கள். எதுவானாலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, கிராம சுகாதார செவிலியரிடமோ கேட்டுவிட்டே கொடுக்க வேண்டும். கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மார்களும் டாக்டரைக் கேட்காமல் போடவே கூடாது. ஒரு வயது ஆகாத குழந்தைக்கு நீங்களாக மாத்திரை கொடுக்கக் கூடாது. மாத்திரை போட முடியாதவர்கள், கீழே சொல்கிற சுத்தத்தை ஆறு வாரம் விடாமல் கடைப்பிடிக்க வேண்டும்.

14 நாள் வேலை

முதல் மாத்திரையில் இருந்து இரண்டாவது மாத்திரை வரை 14 நாள். காலண்டரில் இரண்டு தேதிக்கும் வட்டம் போடுங்கள். தண்ணீர் வருகிற நாளையும், வீட்டுக்காரருக்கு வேலை லீவு நாளையும் பார்த்து முதல் தேதியை முடிவு செய்தால் துவைக்கவும் வசதி, எல்லோரும் வீட்டிலும் இருப்பார்கள்.

1. எல்லோருக்கும் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். நகம் கடிப்பது, விரல் சூப்புவதைத் தடுங்கள்.

2. ராத்திரி குழந்தைக்கு இறுக்கமான ஜட்டி போட்டுப் படுக்க வையுங்கள்.

3. காலையில் எழுந்ததும் முதல் வேலையாகச் சோப்புப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கழுவி விடுங்கள், அல்லது குளிப்பாட்டுங்கள். சாயங்காலக் குளியல் இதற்கு உதவாது. ராத்திரி இட்ட முட்டை காலையில் போக வேண்டும். ஜட்டியைத் தினமும் மாற்றுங்கள்.

4. முதல் நாள் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாவற்றையும் சுடுதண்ணீரில் அலசி, நல்ல வெயிலில் காயப் போடுங்கள். துவைக்க முடியாத ஜமுக்காளத்தை வெயிலில் விரியுங்கள். வீட்டுக்குள் வைத்து உதறாதீர்கள். உதறினால் முட்டை எல்லா இடத்துக்கும் பறக்கும்.

5. படுக்கிற அறையை ஈரத்துணியால் துடையுங்கள். வெறும் விளக்குமாறு முட்டையைக் கிளப்பிவிடும்.

6. சாப்பிடும் முன்பும், கழிப்பறை போன பிறகும், குழந்தைக்குக் கால் கழுவி விட்ட பிறகும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய சானிடைசர் இந்த முட்டைக்குப் போதாது. சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும்.

குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்த வேண்டாம். அங்கன்வாடி டீச்சரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மற்ற குழந்தைகளையும் கவனிக்க அது உதவும்.

செய்யவே கூடாதவை

அம்மிச்சி, அப்பத்தா கை வைத்தியத்தை நாங்கள் குறை சொல்ல வரவில்லை. ஆனால் கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெயைக் குடிக்கக் கொடுப்பது ஆபத்து. மலேசியாவில் அப்படிக் குடிக்கக் கொடுத்த குழந்தைகளுக்கு வாந்தி, மயக்கம், வலிப்பு வந்து, ஈரலும் மூளையும் பாதிக்கப்பட்டதை, 1981-ல் அங்கிருந்த மருத்துவர்கள் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். ஆசனவாயில் மண்ணெண்ணெய் தடவுவதும் கூடாது, தோல் வெந்துவிடும். எந்த மருந்து கொடுத்த பிறகும் வாந்தி, அளவுக்கு மீறிய தூக்கம், வலிப்பு வந்தால் உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

அந்தச் சகோதரி வீட்டுக்கு வருவோம். மூன்றாம் முறை நாங்கள் செவிலியரையும் அழைத்துக்கொண்டு போனோம். "ஆத்தா, இது முட்டாயில வர்றதில்லைங்க, உங்களுக்குங்கூட இருக்கலாம்" என்று செவிலியரே மாமியாரிடம் பக்குவமாகச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டோடு ஏழு பேரும் மாத்திரை போட்டார்கள். 14 நாள் கழித்து மறுபடியும் போட்டார்கள். இரண்டாவது தேதியை ஞாபகப்படுத்தியது அந்த மாமியார்தான்! அடுத்த மாதம் அந்தச் சகோதரி கூட்டத்துக்கு வந்தார். "புள்ளை தூங்குதுங்க, நானும் தூங்கறேனுங்க" என்றார். எங்களுக்கு அது போதும்.

ஒரே வேண்டுகோள். அடுத்த குழுக் கூட்டத்தில் கிராம சுகாதார செவிலியரை அழைப்பது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். யார் வீட்டில் இருக்கிறது என்று கூட்டத்தில் கை தூக்கச் சொல்ல வேண்டாம். எல்லோரும் தெரிந்துகொண்டால், தேவைப்பட்டவர் தானாகவே செய்துகொள்வார்.

சொறிகிற கையை அடிக்காதீர்கள். அந்தக் கையின் நகத்தை வெட்டிவிடுங்கள். அசலோடு வட்டியையும் சேர்த்து அடைப்போம், குழந்தைகளை நிம்மதியாகத் தூங்க வைப்போம்.