மண் சுமந்தவர்கள்

அண்மையில் நாம் இரண்டு நூல்களைப் படித்தோம். ஒன்று, பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம். அதில் சிவபெருமானே கூலியாளாக வந்து, வந்திக் கிழவி தந்த பிட்டுக்காக வைகைக் கரைக்கு மண் சுமக்கிறார். பாண்டியன் அடித்த பிரம்படி எல்லா உயிர்கள் மீதும் விழுகிறது.

மற்றொன்று, ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல். 1942–43இல் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட, ஜப்பானியர் நம் தோட்டத்து மக்களைக் கொண்டுபோனார்கள். அங்கே மண் சுமந்த பல்லாயிரம் பேர் காட்டிலேயே மாண்டார்கள். போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்மவர்களுக்கு அதுவும் இல்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தபோது அந்தப் பிரம்படி நமக்கும் உறைத்தது.

இன்று தோட்டங்களை விட்டு ஈப்போ, சுங்கை சிப்புட் என்று சிதறிவிட்டோம். சயாமுக்குப் போனவர்களின் பெயர்களை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, பிள்ளைகளை நோட்டில் எழுதிவைக்கச் சொல்வோம்.