மணலைக் கொண்டுபோனது புயல் மட்டுமா?



புயலில் ஒரு கடற்கரை எவ்வளவு மணலை இழக்கிறது என்று அளப்பது என் ஆய்வு. புயலுக்கு முன்பு ஒருமுறை, அடங்கியதும் ஒருமுறை, அதே கோட்டில் கரையின் உயரத்தை அளக்கிறோம். அதோடு நிறுத்திக்கொண்டால் பழி முழுக்கப் புயல்மேல் விழும். புயல் இழுத்துப்போகும் மணலில் பெரும்பகுதி கரைக்கு அருகிலேயே கடலுக்குள் திட்டாகக் கிடக்கும். கடல் அமைதியானதும் சிறிய அலைகள் அதைத் திரும்பக் கரையேற்றும். எனவே மாதக்கணக்கில் போய் அளக்க வேண்டும். மணல் திரும்பவில்லையென்றால், தடுப்பது எது என்று கேட்க வேண்டும்.

புதுச்சேரியைப் பாருங்கள். அந்தக் கரையில் ஓராண்டில் தெற்கே போகும் மணலைவிட வடக்கே போவது அதிகம். 1980களில் கட்டிய துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் அதை மறித்தன. தெற்கில் மணல் சேர்ந்தது. வடக்கில் நகரத்தின் கடற்கரையே காணாமல் போனது. நகரத்தைக் காக்கக் கருங்கல் கொட்டினார்கள். அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகர்ந்தது. அங்கே கொட்டினால் அதற்கடுத்தது. இப்படியே சோதனைக்குப்பம் தாண்டி, தமிழ்நாட்டு எல்லைக்குள் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வரை வந்துவிட்டது.

2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்து மணலை மீட்டார்கள். நல்ல பொறியியல், மறுக்கவில்லை. ஆனால் நடைப்பயிற்சி போகும் கரைக்கு மணல், படகு ஏற்றும் கரைக்குக் கருங்கல். கருங்கல்மேல் கரைவலை இழுக்க முடியுமா? இந்த வரைபடத்தைச் சாதியை விட்டுவிட்டு எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

அளக்கப் பெரிய கருவி வேண்டாம். எமரி என்ற கடலியலாளர் 1961இல் எழுதிய முறை இது: ஒரே நீளமுள்ள, மேலிருந்து கீழாக அளவு குறித்த இரண்டு குச்சிகள், இடையில் ஒரு கயிறு. கடல் பக்கக் குச்சியின் நுனியை அடிவானத்தோடு சேர்த்துப் பாருங்கள். அந்தப் பார்வைக்கோடு உங்கள் குச்சியை எங்கே வெட்டுகிறதோ, நுனியிலிருந்து அதுவரை உள்ள அளவுதான் இறக்கம். குறித்துக்கொண்டு, கயிற்றின் நீளம் நகர்ந்து மறுபடி அளக்க வேண்டும்.

இன்னொன்று. கோட்டைக் குப்பத்தின் முதல் வீட்டிலிருந்து தொடங்காதீர்கள், பின்னாலிருக்கும் சேரியிலிருந்து தொடங்குங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் படகும் வலையும் இல்லாத தலித் குடும்பங்கள் பல, நிவாரணப் பட்டியலில் விடுபட்டன. நம் நோட்டிலும் அவர்கள் விடுபடக் கூடாது.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் முதல் அளவை எடுத்துவிடுங்கள் தோழர்களே. அது கையில் இல்லாவிட்டால் மற்ற அளவுகளை எதோடும் ஒப்பிட முடியாது.