கடைசித் தெருவுக்குத் தண்ணீர்

1991 ஜூலை 24 அன்று மன்மோகன் சிங் வாசித்த பட்ஜெட்டைப் பாடப் புத்தகத்திலேயே படித்திருப்பீர்கள். 1993 ஏப்ரல் 24 நினைவிருக்கிறதா? ஊராட்சிகளுக்கு அரசியல் சட்டத்தில் இடம் தந்த 73ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்த நாள் அது. தொழில் தொடங்குகிறவர்களுக்கு இருந்த தடைகளை முதலாவது தளர்த்தியது. ஸ்ரீபெரும்புதூருக்குக் கார் ஆலை வந்தது. பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் ஊராட்சியில் நாற்காலி போட்டது இரண்டாவது. இந்த இரண்டாவதைப் பற்றித்தான் எனக்குப் பேச ஆசை.

நான் பொருளாதாரம் கற்பிப்பவள். ஆண்டுதோறும் மாணவர்களை ஏதாவது ஒரு கிராம சபைக்கு அழைத்துப் போவேன். ஒருமுறை, ஒரு மரத்தடியில் ஊராட்சிச் செயலர் வரவு செலவை வாசித்துக்கொண்டிருந்தார். பம்புசெட் பழுது, பிளீச்சிங் பவுடர், தெருவிளக்கு. நடுவில் ஒரு அம்மா எழுந்தார். "டேங்க் கட்டினீங்க, குழாய் போட்டீங்க, சரி. எங்க தெரு கடைசி. மேலத்தெரு பிடிச்சு முடிக்கிறதுக்குள்ள தொட்டி காலியாயிடுது. ஒருநாள் விட்டு ஒருநாள் எங்க வால்வை முதல்ல திறந்தா என்ன?"

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு சலசலப்பு, வாக்குவாதம். தலைவரும் ஒரு பெண்தான். டேங்க் ஆபரேட்டரைக் கூப்பிட்டு முடியுமா என்று கேட்டார். முடியும் என்றார் அவர். தீர்மான நோட்டில் ஏறியது. ஒரு ரூபாய் செலவில்லை, கவனித்தீர்களா? தொட்டி கட்டப் பணம் மேலிருந்து வந்தது. தண்ணீர் யாருக்கு முதலில் என்று பேச அந்த மரத்தடி வேண்டியிருந்தது. வளர்ச்சியில் எல்லோருக்கும் பங்கு என்பதை வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். என் மாணவர்களுக்கு அது அன்றுதான் புரிந்தது.

எல்லா ஊரிலும் இப்படி எளிதில் நடந்துவிடவில்லை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட இந்த நான்கு ஊராட்சிகளில் முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் அமர 1996இலிருந்து 2006 வரை, முழுதாகப் பத்து ஆண்டு ஆனது. சட்டம் போட்ட நாற்காலியில் உட்கார விடவே அத்தனை எதிர்ப்பு!

நாற்காலி கிடைத்தால் மட்டும் போதாது. அரசியல் சட்டத்தின் பதினோராவது அட்டவணையில் ஊராட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்று 29 துறைகள் இருக்கின்றன. அவற்றுக்கான பணமும் ஆளும் முழுதாகக் கைமாறவில்லை என்பது என் பெரிய ஆதங்கம். தமிழ்நாட்டில் பெண்களுக்கான ஒதுக்கீடு 2016இல் மொத்த இடங்களில் பாதியாக உயர்ந்தது பெரிய ஆறுதல்.

அக்டோபர் 2 அன்று உங்கள் ஊரிலும் கிராம சபை கூடும். நோட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வரவு செலவை வாசிக்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணையும் அழைத்துப் போவீர்கள் என்று நம்புகிறேன்.