சிவப்பு எழுத்துகளைப் படிக்கும் முறை

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நாகூரில் இளைஞர்களிடையே நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளி விழா மேடையில் கணிப்பொறிக் கோளாறுகளைப் பற்றிப் பேசத்தான் வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். கல்விச் சங்கத்தின் மேடைக்கு இது ஏற்ற பொருள்தான் என்று நாம் கருதுகிறோம். வலைத்தளம் அமைக்கும் தொழிலைக் கற்க முன்வரும் நம் பிள்ளைகளுள் பலர், அத்தொழிலின் முதற்பாடத்தை எட்டுவதற்கு முன்பே திரும்பிவிடுகின்றனர். பாடம் கடினம் என்பதற்காக அல்ல. பாடத்திற்கு வேண்டிய கருவிகளைக் கணிப்பொறியில் நிறுவும்போதே, திரை நிறையச் சிவப்பு எழுத்துகளில் ஆங்கிலம் வந்து நிற்கிறது. மறுநாள் முயன்றாலும் அதுவே வருகிறது. மூன்றாம் நாள் பிள்ளை வருவதில்லை. ஏன் என்று கேட்டால், "இதெல்லாம் நமக்கு வராது" என்று விடை கிடைக்கிறது.

அந்த விடை அப்பிள்ளையின் வாயில் பிறந்ததன்று. நம் பாட்டன்மார் பள்ளி வாசலில் கேட்டு வந்த பழஞ்சொல் அது. 1916-இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியை நிறுவியபோது, சேரிப் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலம் அது. பள்ளி ஏற்பட்டது, பிள்ளைகள் படித்தார்கள். குறை பிள்ளையிடம் இருக்கவில்லை, பள்ளி இல்லாமையில் இருந்தது. அதுபோலவே, திரையில் தோன்றும் அந்தச் சிவப்பு எழுத்து உங்கள் அறிவைச் சோதித்துப் பார்த்து அளித்த தீர்ப்பு அன்று. பெரும்பாலும் அது ஒரே செய்தியைத்தான் சொல்கிறது: 'என்னிடம் உள்ள பதிப்பும், நீ கேட்கும் பதிப்பும் பொருந்தவில்லை.'

பதிப்பு என்றால் என்னவென்று நம் ஊர்க்காரர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. குறுவைக்கு ஆடுதுறை 43 விதைக்கிறோம். ஏறத்தாழ நூற்றுப்பத்து நாளில் அறுவடை. சம்பாவுக்கு சி.ஆர். 1009, அதற்கு நூற்றைம்பது நாளுக்கு மேல் வேண்டும். இரண்டும் நெல்தான், இரண்டும் நல்ல நெல்தான். ஆனால் குறுவைப் பட்டத்தில் 1009-ஐ விதைத்துவிட்டுக் கதிர் வரவில்லை என்றால், விவரம் அறிந்தவர் எவரும் நாற்று நட்ட பெண்ணின் கையைக் குறை சொல்லமாட்டார். பட்டமும் விதையும் பொருந்தவில்லை என்பார். நோட், பைத்தான், பிஹெச்பி என்று நீங்கள் கேள்விப்படும் மென்பொருள்களின் பெயருக்குப் பின்னால் நிற்கும் எண்களும் இத்தகையனவே.

வெட்டாறு கடலில் கலக்கும் இந்தக் கடைமடையில், மேட்டூரில் திறந்த தண்ணீர் எப்போது வந்து சேர்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். கணிப்பொறியும் நமக்கு அப்படித்தான் வந்து சேர்கிறது. 2011-இல் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அண்ணனுக்குக் கிடைத்ததைத் தம்பியும், அவனுக்குப் பின் தங்கையும் வைத்துப் படிக்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. அந்தப் பழைய கணிப்பொறியில் விண்டோஸ் 7 இருக்குமானால், தங்கை எவ்வளவு கவனமாகப் பாடத்தைப் பின்பற்றினாலும் சில வாயில்கள் திறக்கமாட்டா. 2020 ஏப்ரலில் வந்த நோட் 14-ஆம் பதிப்பு முதல் விண்டோஸ் 7-இல் நிறுவ இயலாது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த பைத்தான் 3.9-க்கும் அதே நிலை. குரோம் உலாவியோ 2023 தொடக்கத்தில் வந்த 109-ஆம் பதிப்போடு விண்டோஸ் 7-ஐக் கைவிட்டது. பாடத்தை எழுதியவர் புதிய கணிப்பொறியின் முன் அமர்ந்து எழுதினார். அதை அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டுமென்று அவருக்குத் தோன்றவும் இல்லை. வசதியுள்ளவர்கள் எழுதும் நூல்களில் இப்படிச் சொல்லாமல் விடப்படும் நிபந்தனைகள் ஏராளம்.

இதற்கு வழி என்ன? பைத்தான் 3.8 அந்தக் கணிப்பொறியில் நிற்கும். பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தின் அடிப்படைப் பயிற்சிகளுக்கு அது போதும். வலைத்தளப் பயிற்சிக்கு விண்டோஸ் 7-ஐ விட்டுவிட்டு, எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை நிறுவிக்கொள்வதே நல்லது. அதற்கு முன்னர், கணிப்பொறி 32 பிட்டா 64 பிட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2024 அக்டோபரில் வந்த நோட் 23 முதல் விண்டோஸுக்கு 32 பிட் பதிப்பு வெளியிடப்படுவதில்லை. லினக்ஸ் உலகமும் அதே வழியில்தான் செல்கிறது. 2025-இல் வந்த டெபியன் 13-இல் 32 பிட் நிறுவல் இல்லை. இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறோம். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன பழைய விண்டோஸைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். வங்கிக் கணக்கை அதில் திறவாதீர்கள்.

இனி, சிவப்பு எழுத்துகளைப் படிக்கும் முறைக்கு வருவோம். முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. பைத்தான் அறிவிக்கும் பிழையில் கடைசி வரிதான் சாரம். மேலே உள்ளவை, பிழை எவ்வழியாக வந்தது என்னும் வழித்தடம். நோட் பொதிகளை நிறுவும் என்பிஎம் அப்படியன்று. அங்கே தொடக்கத்தில் வரும் வரிகளைப் பார்க்க வேண்டும். 'வார்ன்' என்று தொடங்குவது எச்சரிக்கை. 'எரர்' என்று தொடங்குவதே பிழை. எச்சரிக்கையைக் கண்டு அஞ்சி வேலையை நிறுத்திவிடுபவர் பலர். நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் படிக்க வேண்டும். 'அன்சப்போர்ட்டட் எஞ்சின்' என்ற எச்சரிக்கை வந்தால், அதன் கீழேயே 'ரிக்கொயர்ட்' என்றும் 'கரண்ட்' என்றும் இரு சொற்கள் இருக்கும். முன்னதன் எதிரே இருப்பது அந்தப் பொதிக்கு வேண்டிய பதிப்பு, பின்னதன் எதிரே இருப்பது உங்களிடம் உள்ள பதிப்பு. நோயையும் மருந்தையும் ஒரே சீட்டில் எழுதிக் கொடுத்ததற்கு ஒப்பானது அது. ஆங்கிலமாயிற்றே என்று பிள்ளைகள் கண்ணை மூடிக்கொள்கின்றனர். ஐந்நூறு ஆங்கிலச் சொற்களை அறிந்தவர் இவ்வரிகளில் பெரும்பகுதியைப் படித்துவிடலாம்.

மென்பொருளை நிறுவிய பின்னும், 'இப்படியொரு கட்டளையை நான் அறியேன்' என்று விண்டோஸ் கைவிரிப்பது மிகச் சாதாரணம். மென்பொருள் அங்கேதான் இருக்கிறது. அது குடியிருக்கும் முகவரி விண்டோஸின் 'பாத்' என்னும் பட்டியலில் ஏறவில்லை, அவ்வளவே. பைத்தானை நிறுவும் முதல் திரையின் அடியில் இதற்கென ஒரு சிறு கட்டம் உண்டு. அதில் குறியிட மறந்தால் இந்த வம்பு. முகவரியை ஏற்றிய பின், திறந்திருந்த கட்டளைச் சாளரத்தை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டும். பழைய சாளரத்தின் கையில் இருப்பது பழைய பட்டியல். விண்டோஸ் 10-இலும் 11-இலும் வேறொரு வேடிக்கையும் நிகழும். பைத்தான் என்று தட்டினால் மைக்ரோசாஃப்டின் கடை திறந்துகொள்ளும். அதுவும் உங்கள் பிழையன்று. அந்தப் பெயரில் முன்கூட்டியே வைக்கப்பட்ட குறுக்குவழி அது. அமைப்புகளில் அதை அணைத்துவிடலாம்.

கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு வேறொரு தொல்லை. மூத்த மாணவரிடமிருந்து கைமாறி வரும் செய்முறைக் குறிப்பேட்டில், பிஹெச்பி நிரலைத் தரவுதளத்தோடு இணைக்கப் பழைய 'மைஎஸ்கியூஎல் கனெக்ட்' என்னும் கட்டளை இருக்கும். 2015 டிசம்பரில் வந்த பிஹெச்பி 7-இலேயே அந்தக் கட்டளைக் குடும்பம் முழுவதும் நீக்கப்பட்டுவிட்டது. எழுத்துப் பிசகாமல் தட்டினாலும், 'வரையறுக்கப்படாத கட்டளை' என்றே விடை வரும். நடுவில் ஓர் 'ஐ' சேர்ந்த 'மைஎஸ்கியூஎல்ஐ' என்னும் புதிய குடும்பத்திற்கு மாற வேண்டும். பெயரை மட்டும் மாற்றினால் போதாது, சில கட்டளைகளில் உள்ளே இடும் செய்திகளின் வரிசையும் வேறு. குறிப்பேட்டின் ஆண்டைப் பாருங்கள் என்பதே எம் வேண்டுகோள். அச்சிட்டதெல்லாம் என்றும் மெய் என்னும் நம்பிக்கை இத்தொழிலில் உதவாது. எக்ஸாம்ப் நிறுவிய பிறகு அதன் சேவையகம் கிளம்ப மறுத்தால், அதற்குரிய 80-ஆம் எண் வாயிலை வேறொரு மென்பொருள் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இதை இவ்வளவில் விடுகிறோம்.

சற்று விரிவாகச் சொல்லத் தகுந்த நிகழ்வு ஒன்றுண்டு. ரியாக்ட் கற்க விரும்பிய பலரைத் திகைக்க வைத்தது அது. 2021 அக்டோபரில் நோட் 17 வெளிவந்தது. அதுவரை நன்றாக ஓடிய பயிற்சித் திட்டங்கள், ஓர் எழுத்தும் மாறாமல் இருக்கையிலேயே, 'டிஜிட்டல் என்வலப் ரொட்டீன்ஸ், அன்சப்போர்ட்டட்' என்று சொல்லி நின்றன. நிகழ்ந்தது இதுதான். வெப்பேக் 4 என்னும் கருவி, கோப்புகளுக்கு அடையாளம் இடுவதற்கு எம்டி4 என்னும் பழைய கணக்கு முறையைப் பயன்படுத்தி வந்தது. பாதுகாப்பிற்கு அது உதவாது என்று நெடுங்காலமாகவே தெரியும். ஓப்பன்எஸ்எஸ்எல் 3 அதை ஒதுக்கி வைத்தது. நோட் 17 அந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 3-ஐ ஏற்றது. ஆக, மூன்றாம் வீட்டில் நிகழ்ந்த மாற்றத்தால் முதல் வீட்டில் அடுப்பு அணைந்தது! இதற்குப் பழைய முறையை மீண்டும் அனுமதிக்கும் ஒரு சாவியைப் பலரும் எழுதிப் பரப்பினர். அது கதவைத் திறக்கும். ஆயினும் பூட்டு ஏன் போடப்பட்டது என்பதை மறைத்துவிடும். வெப்பேக் 5-க்கு மாறுவதே சரியான பரிகாரம். புதிதாகக் கற்பவர் அந்தப் பழைய பாடத்தையே விட்டுவிடலாம். அது பயன்படுத்திய 'கிரியேட் ரியாக்ட் ஆப்' 2025 பிப்ரவரியில் ஓய்வு பெற்றுவிட்டது. இப்போது பலரும் கொள்ளும் வீட் என்னும் கருவியின் 7-ஆம் பதிப்பிற்கு நோட் 20.19 அல்லது 22.12-க்குக் குறையாத பதிப்பு வேண்டும்.

மூன்று எண்களாக எழுதும் இப்பதிப்பு எண்ணிலும் ஒரு பொருள் உண்டு. முதல் எண் மாறினால் பழைய நிரல் உடையக்கூடும். நடு எண் மாறினால் புதிய வசதி சேர்ந்திருக்கிறது. கடை எண் மாறினால் பிழை திருத்தம் மட்டும். வெள்ளம் தாங்கும் இயல்பைச் சேர்த்து சி.ஆர். 1009 சப் 1 என்று வந்ததே, நினைவிருக்கிறதா? ஏறத்தாழ இரு வாரம் நீரில் மூழ்கினாலும் தாங்கும் என்றார்கள். அதற்காகப் பட்டத்தை மாற்றவேண்டியிருக்கவில்லை. நடு எண் மாறுவது அத்தகையது. 1009-ஐ விட்டு ஆடுதுறை 43-க்கு மாறுவதோ, முதல் எண் மாறுவதற்கு ஒப்பு.

இந்த ஒழுங்கெல்லாம் இருந்தும் பெரிய இடங்களிலும் சறுக்கல் உண்டு. 2016 மார்ச்சில், 'லெஃப்ட்-பேட்' என்னும் பதினொரு வரிப் பொதி ஒன்றை அதன் ஆசிரியர் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். அதன்மேல் நேராகவும் சுற்றியும் சாய்ந்திருந்த ஆயிரக்கணக்கான திட்டங்கள் அன்று நின்றன. உலகின் பெரிய நிறுவனங்களில் உயர்ந்த ஊதியம் பெறும் பொறியாளர்களும் அன்று கண்டது இதே சிவப்பு எழுத்துகளைத்தான். அவர்களுள் எவரும் 'இது நமக்கு வராது' என்று வீட்டிற்குப் போய்விடவில்லை.

பிழை வந்தவுடன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து நிறுவும் பழக்கம் நம் இளைஞரிடையே பரவியிருக்கிறது. கைப்பேசியின் தரவைச் செலவழித்து மீண்டும் இறக்குகின்றனர். அதே பிழை மீண்டும் வருகிறது. பதிப்பு பொருந்தாதபோது அதே பதிப்பைப் பத்து முறை நிறுவுவதால் பயன் யாது? எது தேவை, எது இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். 'நோட்' என்று தட்டி, ஓர் இடம் விட்டு, ஒரு சிறு கோடும் 'வி' என்னும் எழுத்தும் இட்டால், அது தன் பதிப்பைச் சொல்லிவிடும். ஒரே கணிப்பொறியில் பல நோட் பதிப்புகளை வைத்து, வேண்டியபோது மாற்றிக்கொள்ள என்விஎம் என்னும் கருவி உண்டு. பைத்தானிலோ, ஒவ்வொரு திட்டத்திற்கும் தனித்தனிச் சூழல் ஒன்றை அமைத்துக்கொள்ளலாம். ஒன்றின் பொதி மற்றொன்றைக் கெடுக்காது. திட்டத்தோடு வரும் பூட்டுக் கோப்பை மட்டும் அழிக்காதீர்கள். எந்தப் பொதியின் எந்தப் பதிப்பு ஒன்றோடொன்று பொருந்தி ஓடியது என்ற பதிவு அது.

மூத்த உறுப்பினர்கள் இவற்றைக் கேட்டுக்கொண்டு பொறுமையாக அமர்ந்திருக்கின்றனர். அவர்களுக்கும் இது புதிதன்று. பழைய எழுத்துருக்களில் தட்டி வைத்த தமிழ் மனுக்களை இன்று திறந்தால், பொருளற்ற குறிகளாகத் தெரிகின்றன. 1999-இல் தமிழக அரசு ஒரு குறியீட்டு முறையை ஏற்றது. 2010-இல் யூனிகோடை ஏற்றது. தாளில் உள்ள சொற்கள் அழியவில்லை. படிக்கும் முறை மாறியிருக்கிறது. உரிய மாற்றியில் இட்டால் அந்த மனுக்கள் மீண்டும் தமிழாகிவிடும்.

இறுதியாக, இந்தச் சங்கம் செய்யக்கூடிய வேலை ஒன்றைச் சொல்கிறோம். பெங்களூரிலோ சென்னையிலோ மென்பொருள் நிறுவனத்தில் மாமனோ அண்ணனோ இருக்கும் பிள்ளைக்கு, இத்தகைய பிழை ஐந்து நிமிடத் தொலைபேசிப் பேச்சில் தீர்ந்துவிடுகிறது. நம் பிள்ளைகளுள் பெரும்பாலோர்க்கு அப்படிக் கேட்க ஆள் இல்லை. இருவர் ஆற்றலிலும் வேறுபாடு இல்லை; ஒரு தொலைபேசி எண்ணில் இருக்கிறது வேறுபாடு. அந்த அண்ணனின் இடத்தில் ஒரு குறிப்பேட்டை வைப்போம். சங்கத்தின் படிப்பகத்தில், கணிப்பொறி மேசையருகே, தடித்த அட்டையிட்ட நோட்டு ஒன்று இருக்கட்டும். பிழை கண்டவர் தேதியிட்டு, கணிப்பொறியின் விண்டோஸ் அல்லது லினக்ஸ் பதிப்பு, மென்பொருளின் பதிப்பு, பின்பற்றிய பாடம் எந்த ஆண்டினது என்பவற்றை எழுதட்டும். பிழைச் செய்தியை எழுத்து விடாமல் படியெடுக்கட்டும். 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால் உதவ வருபவர்க்கும் வழி தெரியாது. தீர்வு கிடைத்த நாளில், கண்டவர் அதன் கீழே தமிழில் எழுதட்டும். தீர்வு கிடைக்காத பக்கத்தைக் கிழிக்க வேண்டாம். பின்னால் வரும் ஒருவர் அதை முடிப்பார்.

முதல் பக்கத்திற்கு வேண்டியவை இந்த உரையிலேயே இருக்கின்றன. அடுத்த வகுப்பிற்கு வருபவர்கள், வீட்டிலுள்ள மடிக்கணினி எவ்வளவு பழையதாயினும் அதையும், அதன் மின்னேற்றியையும் தவறாமல் கொண்டுவாருங்கள்.