கருவுற்ற மகளிர் மறைக்கும் ஒரு நோய்

(உத்திரமேரூரில் நம் சங்கக் குடும்பத்தார் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

யாம் மருத்துவரல்லேம்; தமிழ் கற்பிக்கும் ஆசிரியரேம். எனினும், நாணத்தால் விளையும் துன்பம் ஒன்றைக் குறித்து இன்று பேசத் துணிந்தோம். சபைக்கு ஏற்காத பொருளெனச் சிலர் கருதலாம். கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளிலேயே சபை விதிகளை யாவருங்காணக் கல்லிற் பொறித்த ஊர் இது. பொதுநலத்துக்குரியதை வெளிப்படக் கூறுதல் இங்குப் புதிதன்று.

கருவுற்ற முதன் மாதங்களில் மகளிர் சிலர்க்குப் பிறப்புறுப்பில் அரிப்பும் எரிச்சலும் உண்டாகும். திரிந்த பால்போல் வெள்ளைப்படும். நம் வீடுகளில் இதனைச் 'சூடு' என்றும் 'வெட்டை' என்றும் கூறி, மோரும் இளநீரும் கொடுத்து விட்டுவிடுகின்றனர். மருமகள் சொல்ல நாணுகிறாள். மாமியார் அறிந்தும் மகனிடம் கூறக் கூசுகிறாள். அவள் ஒழுக்கத்தையே ஐயுறும் கொடுமையும் உண்டு.

உண்மை யாது? கேண்டிடா என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை, நலமுள்ள பெண்டிர் பலர் உடலிலும் சிறிதளவு வாழ்வது. கருக்காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு மிகுதலால், அவ்விடத்தில் கிளைக்கோஜன் என்னும் மாச்சத்துப் பெருகும். அதுவே பூஞ்சை செழித்தற்கு வாய்ப்பாகும். ஆகவே இந்நோய் தீயொழுக்கத்தின் அடையாளமன்று. தாய்மையால் உடல் மாறுதலின் விளைவேயாம். பெரும்பாலும் வயிற்றுச் சிசுவுக்கு இதனாற் கேடில்லை.

கேடு வேறிடத்தில் உளது. மறைவாகத் தீர்த்துக்கொள்ள விரும்பி, மருந்துக்கடையில் ஃப்ளூக்கோனசோல் மாத்திரை வாங்கி விழுங்குவோர் உளர். 2016-இல் வெளியான டென்மார்க்கு ஆராய்ச்சி ஒன்று, ஏறத்தாழ 14 லட்சம் கருக்காலப் பதிவுகளை நோக்கி, 7 முதல் 22 வாரத்துக்குள் அம்மாத்திரையை உட்கொண்டோரிடத்துக் கருச்சிதைவு மிகுந்திருத்தலைக் கண்டது. மாத்திரையே காரணமென்று அஃது அறுதியிட்டிலது. எனினும், அதனைத் தவிர்த்தலே தக்கதென்பர். க்ளோட்ரிமசோல் போன்ற களிம்பையோ, உள்ளே வைக்கும் மருந்தையோ 7 நாள் பயன்படுத்துமாறு மருத்துவர் கூறுவர். அரிப்பு இடையிலே தணிந்தாலும் 7 நாளும் முடித்தல் வேண்டும்.

இந்நோய் மீண்டும் மீண்டும் வரின், இரத்தத்திற் சர்க்கரை மிகுந்துளதோ என்று பார்த்தல் வேண்டும். சென்னை மருத்துவர் வி. சேஷையா அவர்களின் முயற்சியாற் பரவிய முறைப்படி, 75 கிராம் குளுக்கோஸை நீரிற் கரைத்துக் குடிப்பித்து, 2 மணி நேரங் கழித்துச் சோதிப்பர். அளவு 140-ஐ எட்டினாலும் கடந்தாலும் அது கருக்காலச் சர்க்கரை நோயாம். தமிழ்நாட்டில் 2007-இலேயே கருவுற்றோர் அனைவர்க்கும் இச்சோதனை விதிக்கப்பட்டது.

துர்நாற்றம், காய்ச்சல், அடிவயிற்று வலி, உதிரப்போக்கு, நீர்க்கசிவு ஆகியவற்றுள் ஒன்று காணினும், வேறு கோளாறென ஐயுற்று அன்றே மருத்துவமனை செல்லுக.

வெறுநீராற் கழுவுதல் போதும். சோப்பும் கிருமிநாசினியும் உள்ளே செலுத்தற்க. பருத்தியாடையே நன்று. உள்ளாடையை இருட்டறையில் மறைத்துலர்த்தும் வழக்கத்தை விட்டு, வெயிலில் உலர்த்துக.

மாமியார்மாரே! மருமகள் வாய்திறக்குமுன் நீங்களே பரிவுடன் வினவுங்கள். கணவன்மாரே! மருந்துக்கடைக்கு ஓடாது, மனைவியை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள். கிராமச் செவிலியரிடம் கூறும் ஒரு சொல், ஒரு கருவைக் காக்கவுங் கூடும். நாணம் பெண்ணுக்கு அணியென்பர். நோயை மறைக்கும் நாணம் அணியன்று, விலங்கேயாம். அவ்விலங்கை நம் இல்லங்களினின்று இன்றே நீக்குவோமாக.